விட்டுப்போன எட்டுப் பக்கங்கள்

திலகா அக்கா, நாளை காலை நம் குடும்பக் குரூப்பில் என்னுடைய புது வீடியோ ஒன்று வரும். சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டுப் புலம்புவதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். கையெல்லாம் ரொட்டி மாவு, அதனால் போனிடம் பேசித்தான் எழுத வைக்கிறேன். முதலில் ஒன்று. வேலை போகவில்லை. இங்கே மலேசியாவில் வேலை செய்யும் பெர்மிட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயப்படாதே.

புக்கிட் செந்தோசாவில் எங்கள் சாப்பாட்டுக் கடையில் மதியம் இரண்டரைக்கு மேல் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் பின்பக்கம் சிலிண்டர் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசி வீடியோ எடுப்பேன். இது உனக்குத் தெரியும். முதலாளி தங்கராஜுவுக்குத் தெரியாது. வழக்கமாக அறுபது பேர் பார்ப்பார்கள். அதில் பாதி நம் சொந்தக்காரர்கள்.

போன வாரம் கல்லாவில் இருக்கும் நித்தியா ஒரு நாவல் கொண்டுவந்தாள். 'செம்பனைச் சாலையில் ஒரு சைக்கிள்'. ஜெராமில் ஸ்கூல் வேன் ஓட்டும் தனேஸ்வரி என்பவரின் முதல் புத்தகம். ராசம்மா என்ற எண்ணெய்ப்பனைத் தோட்டத்துப் பெண் பள்ளிக்கூடம் போக அடம்பிடித்து வாங்கிய சைக்கிள்தான் கதை. நித்தியா அன்று மாலையே புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். அதனால் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். மேசையில் விரித்து வைத்து, இரண்டிரண்டு பக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். ரொட்டி போடும் இடைவெளியில் படித்துக்கொள்ளலாம் அல்லவா.

படித்தேன். பாதிக்கு மேல் சைக்கிளையே காணோம். ராசம்மா மழையில் நடந்து போகிறாள். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடியோவில் சொன்னேன்: "தலைப்புலயே சைக்கிள் இருக்கு. ஆனா எழுதினவங்க அத எங்கயோ ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு மறந்துட்டாங்க. யாராச்சும் பாத்தா சொல்லுங்கப்பா!"

நாலாயிரம் பேர் பார்த்தார்கள். கீழே எல்லாம் சைக்கிள் படமும் சிரிப்பும்தான். இரண்டு நாள் தரையில் கால் படாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் ஒரு கமெண்ட்: "தம்பி, 84ஆம் பக்கம் படிச்சீங்களா? தனேஸ்வரி."

போனில் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். 82, 83. அடுத்த படம் 92, 93. இரண்டும் அத்தியாயம் முடிந்து தொடங்கும் இடங்கள், அதனால்தான் படிக்கும்போது தெரியவில்லை. படம் பிடிக்கும்போது ஐந்தாம் மேசையில் தே தாரிக் டீ கேட்டுக் கூப்பிட்டார்கள், ஓடினேன். நான் திரும்பி வருவதற்குள் மேலே சுற்றிய காற்றாடி தாள்களைப் புரட்டியிருக்கிறது. நான் பக்க எண்ணைக்கூடப் பார்க்கவில்லை.

நித்தியாவிடம் காட்டினேன். "டிலீட் பண்ணிடவா?"

"பண்ணேன். அப்புறம் அந்த நாலாயிரம் பேரு வீட்டுக்கும் போயி, சைக்கிள் கெடச்சிருச்சுன்னு ஒவ்வொருத்தருகிட்டயா சொல்லிட்டு வந்துரு" என்றாள். "ஞாயித்துக்கெழம அவங்க புக்க வெளியிடுறாங்க லா. மண்டபம்லாம் எடுத்தாச்சு. வரேன்னு சொன்னவங்களே இப்ப, சைக்கிள்ல வரவான்னு மெசேஜ் போட்டுக் கேலி பண்றாங்களாம்."

தனேஸ்வரிக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. பெர்மிட்டில் வந்தவன் வீடியோ எடுத்து வேறு வேலை பார்க்கிறான் என்று யாராவது புகார் கொடுத்தால் பெர்மிட் போய்விடும் என்று எப்போதோ ஒருவர் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

இன்று மூன்று மணிக்குக் கடை வாசலில் ஒரு ஸ்கூல் வேன் வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் துண்டோடு ஓர் அம்மா இறங்கி வந்தார். வீடியோவில் என் சட்டையில் இருந்த கடைப் பெயரைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறார்.

"யாருப்பா இங்க குகன்?"

முதலாளி எழுந்தார். "ஏன்க்கா, ரொட்டிய கருக்கிட்டானா?"

"என் சைக்கிள தொலச்சிட்டான்."

"டேய், சைக்கிளா எடுத்த?"

நித்தியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே முதலாளிக்கு எல்லாவற்றையும் சொல்லி வீடியோவையும் காட்டினாள். நான் அடுப்பை விட்டு முன்னால் வந்தேன். "அம்மா, தப்பு முழுக்க என்னோடதுதான். படம் புடிக்கிறப்ப பக்கம் விட்டுப்போச்சு. போலீஸ் அது இதுன்னு மட்டும் போயிடாதீங்கம்மா."

"போலீசா? பதினாலு பிள்ளைங்கள ஏத்தி எறக்கவே எனக்கு நேரம் பத்தல. உக்காரு. படி" என்று புத்தகத்தை மேசையில் வைத்தார். முதலாளியிடம் ஒரு ரொட்டி சானாய் சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

படித்தேன் அக்கா. ராசம்மாவின் அப்பாவை ஊர் நடுவே அவமானப்படுத்திய மண்டோரின், அதாவது தோட்டத்துக் கங்காணியின், மகள், பரீட்சை நாளில் கால் வீங்கி வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். ராசம்மா சைக்கிளை அவளிடம் கொடுத்துவிடுகிறாள். யாருக்கும் சொல்லக் கூடாது என்று கையடித்துச் சத்தியமும் வாங்கிக்கொள்கிறாள். அதனால்தான் அதன் பிறகு யாரும் சைக்கிளைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் நான் சிரித்திருக்கிறேன்.

புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

"இப்ப முழுசா படிச்சாச்சு. எப்படியிருக்கு?" என்றார்.

"ரொம்ப நல்லாருக்குமா. ஆனா..."

"இழுக்காத, சொல்லு."

"கடைசி அத்தியாயம் மட்டும் கொஞ்சம் அவசரமா முடிச்ச மாதிரி இருக்கு."

முதலாளி என் காலை மிதித்தார். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாலா நீ?"

தனேஸ்வரி அம்மா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "பள்ளி திறக்கிறதுக்குள்ள முடிக்கணும்னு அவசரப்பட்டேன்பா. இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் புக்க கையில புடிச்சு படம் எடுத்துப் போட்டு, நல்லாருக்குக்கான்னு சொல்றதோட சரி. நீ அதையும் வீடியோவில சொல்லு. வெறும் மன்னிப்பு எனக்கு வேணாம்."

நான் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கிளம்பினேன்.

"எங்க போற?" என்றார் முதலாளி. "சிலிண்டர் பக்கத்துல நின்னுதான் இத்தன நாளா எடுத்தியா? வெடிச்சா கடையே போயிரும்டா. இங்க நில்லு, சாமி படத்துக்குக் கீழ. வெளிச்சம் நல்லாருக்கு."

அங்கேயே நின்று எடுத்தோம். 83க்கும் 92க்கும் நடுவே என் போனில் இருந்த ஓட்டையைக் காட்டினேன். 84ஆம் பக்கத்தின் முதல் பத்தியை வாசித்தேன். கடைசி அத்தியாயத்தைப் பற்றியும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் ஜெராமுக்குப் போகிறோம். வருகிறவர்களுக்குக் கறிபாப் பலகாரம் போடுவது முதலாளி பொறுப்பு.

வீடியோ தொடக்கத்தில் "காத்தாடிய அடைங்கலா, மறுபடியும் தாளு பொரளப் போவுது" என்று ஒரு குரல் கேட்கும். அது முதலாளிதான். நித்தியா வெட்டிவிடச் சொன்னாள். நான் வெட்டவில்லை.