லப்புக்கும் டப்புக்கும் நடுவில்

அந்த மருத்துவக் கல்லூரியில் லிஃப்ட் என்பது பேராசிரியர்களுக்கும் பிணங்களுக்கும் மட்டும்தான். முதலாண்டு மாணவர்கள் இரண்டிலும் சேர்த்தி இல்லை; படியேறித்தான் சாக வேண்டும். உடலியங்கியல் கூடம் இருப்பதோ மூன்றாவது மாடியில். அறுபத்தாறு படிகள். யார் எண்ணினார்கள் என்கிறீர்களா? மகாராணி எண்ணினாள். மற்றவர்களுக்கு அது மாடிப்படி, அவளுக்குத் தினசரிப் பரீட்சை.

மகாராணி என்பது தோழிகள் வைத்த பட்டப்பெயர். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அறிவிப்புப் பலகையில் போன வருஷம் ஒட்டிய விடுதி விதிமுறைகளை நிதானமாக வாசித்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பாள். "மகாராணி நகர்வலம் வர்றாங்க, வழி விடுங்கடி" என்று பின்னால் வருகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் கையை அசைத்துக் காட்டுவாள். பதில் சொல்ல மூச்சு இருக்காது, அதனால்தான் கை. அது அவர்களுக்கு எங்கே தெரியும்?

ஒன்பது வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் வீங்கி, மூன்று வாரம் படுத்து, எழுந்தாள். அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் போகிற போக்கில் இதயத்தின் ஈரிதழ் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. வால்வு சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் வந்த வழியே திரும்பக் கசியும். அன்றிலிருந்து அம்மா அவளை வீட்டுக்குள் பூட்டி வைக்காத குறைதான். ஓடாதே, குதிக்காதே, பளு தூக்காதே, மாடிக்குப் போகாதே. ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, கையில் ஒரு புத்தகம். படித்தால் மூச்சு வாங்காது அல்லவா, அதனால் படித்தாள். படித்துப் படித்து, கடைசியில் மெடிக்கல் சீட் கிடைக்கிற அளவுக்குப் படித்துத் தொலைத்துவிட்டாள்.

அம்மா வாசலில் நின்று சொல்லி அனுப்பினாள். "போயிட்டு வா. ஆனா மூச்சு வாங்குதுன்னு ஒரு வார்த்தை என் காதுல விழுந்துச்சுன்னா, அன்னிக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடணும். எனக்கு டாக்டர் வேண்டாம். பொண்ணு வேணும்."

சேர்க்கைக்கு உடற்தகுதிச் சான்றிதழ் கேட்டார்கள். சித்தப்பா டாக்டர். அண்ணன் மகளின் முகத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு ஸ்டெத்தஸ்கோப்பைத் தொடாமலே "இதயம்: இயல்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். "வருஷா வருஷம் ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டிக்கணும், சரியா?" என்றார். பலமாகத் தலையாட்டினாள். அதோடு சரி. காட்டினால் எதையாவது கண்டுபிடிப்பார்கள், அது வீட்டுக்குப் போகும், அந்தப் பிரம்பு நாற்காலி இன்னும் ஜன்னலோரத்தில்தான் கிடக்கிறது. போதாக்குறைக்குச் சித்தப்பாவின் கையெழுத்து வேறு சந்தி சிரிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா கேட்பாள், இவள் "நல்லா இருக்கேம்மா" என்பாள். பேசுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டுதான் போனையே எடுப்பாள்.

லிஃப்ட் அண்ணனிடம் முழங்கால் வலி என்று ஒரு கதை விட்டு வைத்திருந்தாள். அவர் நல்ல மனுஷன், யாரும் பார்க்காத நேரத்தில் ஏற்றிவிடுவார். எந்த முழங்கால் என்பதுதான் அவளுக்கு அடிக்கடி மறந்துபோகும். ஒருநாள் இடது, ஒருநாள் வலது. அவர் கவனித்தாரோ என்னவோ, கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை லிஃப்ட் பழுது. அறுபத்தாறு படிகளையும் ஏறி அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது மற்ற ஏழு பெண்களும் வந்து நின்றாயிற்று. அந்தக் கூடத்தில் பாடம் எடுக்கும் மேடம் வகுத்த சட்டம் ஒன்று உண்டு. உடம்பைத் தொட்டுச் செய்கிற சோதனை எதுவானாலும், யார் கடைசியாக வருகிறார்களோ அவர்கள்தான் மேஜைமேல் படுக்க வேண்டும். தாமதமாக வருவதற்கு அதுதான் தண்டனை. இன்றைய சோதனை என்ன தெரியுமா? இதய ஒலிகளைக் கேட்டுப் பதிவு செய்தல்.

"மகாராணிக்குக் கட்டில் தயார்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் நேரே மேடத்திடம் போனாள். "மேடம், எனக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல. வேற யாராவது..."

"உடம்பு சரியில்லைன்னா இன்னும் நல்லது, எல்லாரும் கத்துக்குவாங்க" என்றார் மேடம், தலையை நிமிர்த்தாமல். அடுத்த அறையில் பையன்களுக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எடுக்கும் அவசரம் அவருக்கு. "படும்மா. திரையை இழுங்க. ஆளுக்கு அஞ்சு நிமிஷம். ரெக்கார்டு நோட்டோட வாங்க, சைன் போடறேன்."

படுத்தாள். ரெக்சின் மேஜை முதுகில் சில்லென்று ஒட்டியது. மார்புவரை ஒரு வெள்ளைத் துணி. மேலே ஒரு மின்விசிறி, சுற்றிலும் பச்சைத் திரை. நெஞ்சுக்குள் கிடக்கிற பொய்யை ஏழு பேர் வரிசையில் வந்து அவிழ்க்கப் போகிறார்கள். இதயமோ இன்னும் படியேறிக்கொண்டேதான் இருந்தது. அதற்கு யார் சொல்வது, வந்து சேர்ந்தாயிற்று என்று?

முதலில் வந்தது தங்கப் பதக்கம். வகுப்பில் முதல் மாணவி, அதனால் அந்தப் பெயர். மார்புக்காம்புக்குக் கீழே ஐந்தாவது விலா இடைவெளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் உத்தேசமாக ஸ்டெத்தை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்துவிட்டாள். "ஓகே" என்று போனாள்.

மகாராணிக்கு நம்ப முடியவில்லை. தலையைத் திருப்பித் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். தங்கப் பதக்கம் எதையும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லை. ரெக்கார்டில் "முதல் ஒலி, இரண்டாம் ஒலி தெளிவாகக் கேட்கின்றன, வேறு ஒலிகள் இல்லை" என்று ஏற்கெனவே அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். அப்போதுதான் மகாராணிக்கு உறைத்தது. தானும்தான் அப்படி எழுதி வைத்திருக்கிறாள். சீனியரின் ரெக்கார்டு ஒன்று விடுதியில் சுற்றுகிறது. எந்தச் சோதனையானாலும் முந்தின நாளே முடிவை அதிலிருந்து காப்பியடித்துவிடுவார்கள். அந்தச் சீனியர் யாருடைய இதயத்தைக் கேட்டு எழுதினாளோ. அவளும் அவளுடைய சீனியரிடமிருந்துதான் எடுத்திருப்பாள். எந்தக் காலத்திலோ எவனோ ஒரு புண்ணியவானுக்கு அடித்த நல்ல இதயம் அது, இத்தனை வருஷமாக எல்லோருக்கும் அடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தவள் வந்தாள், அதற்கடுத்தவள் வந்தாள். ஒருத்தி ஸ்டெத்தின் காதுக்குழாயைத் திருப்பி மாட்டியிருந்தாள். இன்னொருத்தி கேட்டுக்கொண்டே மதியம் கேன்டீனுக்குப் போவதா, விடுதிக்கா என்று பேசினாள். ஆறு பேர் முடிந்தது. ஆறு கையெழுத்து விழுந்தது. மகாராணிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தப்பித்தோம்டா சாமி என்று கண்ணை மூடினாள்.

ஏழாவதாக வந்தாள் நத்தை.

நத்தைக்கு எல்லாமே மெதுவாகத்தான் வரும். ஒரு பக்கத்தை நாலு தரம் வாசிப்பாள். தவளைத் தசை சோதனையில் எல்லோரும் கை கழுவிப் போன பிறகும் அவள் மட்டும் தவளையோடு நிற்பாள். சீனியர் ரெக்கார்டு அவள் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாரம் முடிந்துவிடும், அதனால் அவள் பக்கம் வெறுமையாக இருந்தது. ஸ்டெத்தின் தட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினாள். விலா எலும்புகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினாள். இடத்தைக் கண்டுபிடித்து வைத்தாள். அப்புறம் அசையவே இல்லை.

ஒரு நிமிஷம். இரண்டு. மகாராணி மூச்சைப் பிடித்தாள்.

"கொஞ்சம் இடது பக்கம் திரும்பிப் படேன்" என்றாள் நத்தை.

"எதுக்கு?"

"சும்மா. நல்லாக் கேக்கும்னு புக்ல போட்டிருக்கு."

திரும்பினாள். நத்தையின் புருவம் சுருங்கியது. நாலு நிமிஷம் கழித்து எழுந்து, மேஜை ஓரத்திலேயே நோட்டை வைத்து எழுதினாள்: லப், ஷ்ஷ், டப். அந்த ஷ்ஷுக்கு ஒரு சின்னப் படம்கூட வரைந்தாள். எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் நீட்டினாள்.

"என்னம்மா இது?" மேடத்தின் குரல் திரையைத் தாண்டி வந்தது. "ஆறு பேருக்குக் கேக்காத சத்தம் உனக்கு மட்டும் எப்படிக் கேக்குது? விசிறிச் சத்தத்தைக் கேட்டு எழுதியிருக்கியா?"

"இல்ல மேடம். நடுவுல ஏதோ காத்து போற மாதிரி..."

"நல்லா இருக்கற பொண்ணுக்கு வியாதி கட்டறியே. போய் ஒழுங்காக் கேட்டு, ஒழுங்கா எழுதிட்டு வா. இல்லைன்னா இந்த சோதனைக்கு சைன் கிடையாது, இன்டர்னல்லயும் உக்கார முடியாது." சிவப்பு மை அந்தப் பக்கத்தின் குறுக்கே சரக்கென்று ஓடிய சத்தம் உள்ளே கேட்டது.

மேடம் எழுந்து வந்து ஸ்டெத்தைக் காதில் மாட்ட ஒரு நொடி ஆகாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. அவருக்கு நேரம்தான் இல்லை.

நத்தை திரும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது. மறுபடி தட்டை உள்ளங்கையில் தேய்த்தாள், மறுபடி எண்ணினாள், மறுபடி வைத்தாள். "இப்பவும் கேக்குதே" என்று முணுமுணுத்தாள். "மகாராணி, உனக்கு நெஞ்சுல ஏதாவது உண்டா? உண்மையச் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மகாராணி அவள் முகத்தையே பார்த்தாள். ஒன்பது வயதுக்குப் பிறகு அவள் நெஞ்சை இவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை. சொல்லிவிடலாம் என்று உதடு வரை வந்தது. கூடவே பிரம்பு நாற்காலியும் வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லடி" என்றாள். "சின்ன வயசுலேருந்து எத்தனை டாக்டர் பாத்திருக்காங்க. அது உன் காதுக்குள்ள கேக்கற சத்தம். ஒரு தடவை காதைக் காட்டிக்கோ. இப்ப நார்மல்னு எழுதிடு, போ."

"என் காதா?"

"ஆமா."

நத்தை ஸ்டெத்தைக் காதிலிருந்து கழற்றினாள். பிறகு நார்மல் என்று எழுதிக்கொண்டு போனாள். ஏழாவது கையெழுத்தும் விழுந்தது.

ஆறு வாரம் போனது. மூச்சு முட்டாமல் படுக்க மகாராணிக்கு இப்போது இரண்டு தலையணை போதவில்லை, மூன்று வேண்டியிருந்தது. சாயங்காலமானால் கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. அது எதற்கு அறிகுறி என்று அவள் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவாள். தானாகப் போய்ச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை, அதை ஒளிப்பானேன்? யாராவது கண்டுபிடித்துவிட்டால் தேவலை என்றிருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டால் போதும், அப்புறம் நாற்காலியோ ஆஸ்பத்திரியோ எதுவானாலும் சரி. கண்டுபிடிக்கத் தெரிந்த காது அந்த வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மதிய இடைவேளையில் கூடத்தில் நத்தை தனியாகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவை வச்சுப் பாரேன்" என்றாள் மகாராணி. மேஜையில் போய்ப் படுத்தாள். படுத்ததுமே மூச்சு முட்டியது.

நத்தை ஸ்டெத்தை வைத்தாள். தட்டைத் தேய்த்துச் சூடாக்கவில்லை. விலாவை எண்ணவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்துவிட்டாள்.

"நார்மல்" என்றாள்.

"நல்லாக் கேளுடி. நடுவுல அந்தச் சத்தம்?"

"கேக்குது. முன்னைவிடப் பெருசாவே கேக்குது. நீ சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது, அது என் காதுன்னு. இப்பல்லாம் நான் அதைக் கண்டுக்கறதே இல்ல." நத்தை சந்தோஷமாகச் சிரித்தாள். "மேடமே போன வாரம் சொன்னாங்க, நான் ரொம்ப முன்னேறிட்டேனாம்."

அது உன் காது இல்லை என்று சொல்ல நாலே வார்த்தை போதும். அறுபத்தாறு படி ஏறத் தெரிந்தவளுக்கு அந்த நாலு வார்த்தை ஏறவில்லை. அவள் எழுந்து உட்காருவதற்குள் நத்தை ஸ்டெத்தைச் சுருட்டிப் பையில் போட்டு, "வரேன் மகாராணி" என்று இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டாள்.

மகாராணியும் இறங்கினாள். முதல் திருப்பத்தில் நின்று, அறிவிப்புப் பலகையில் விடுதி விதிமுறைகளை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.