மேடவாக்கத்தில் அரை கிரவுண்டு

என் கையைத்தான் வெட்டிப் போட வேண்டும். நவதானியம் தூவியது நான்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம் நான் சாத்தான்குளத்தில், அவர் தி. நகர் ஜவுளிக்கடை மாடியில். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருவார். சண்டை போட்டு, எழுபத்தொன்றில் கைப்பிள்ளையோடு இங்கே வந்து சேர்ந்தேன். கபாலி என்பவர் வீட்டில் ஒற்றை அறை. இந்த வருஷம் அவர் வாடகையை ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்கிவிட்டார்.

"நான் இன்னா பண்றது தங்கச்சி? ஊருக்கு வெளிய வெவசாய நெலத்துல வூடு கட்ட கவர்மெண்ட்டு உட மாட்டேன்றான். அல்லாரும் இங்கயே வந்து நின்னுக்கினு கீறாங்க. ஆவணி பொறந்தா வேற ஆள் வருது," என்றார்.

வீடு கட்டப் பார்க்காமலா இருந்தோம்? என் சங்கிலியை விற்று மேடவாக்கத்தில் அரை கிரவுண்டு வாங்கியிருந்தோம். விவசாய நிலமாம், அனுமதி கிடையாதாம். எட்டு மாதம் ஆபீசுக்கு நடந்தார் மனுஷர். கடைசியில் ஓர் அதிகாரி மனமிரங்கி, நேரில் வந்து பார்த்துத் தரிசு என்று எழுதித் தருவதாகவும், அதை வைத்து அனுமதி வாங்கலாம் என்றும் சொன்னார். அந்தத் தரிசுக் கதையை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவேயில்லை. "அடுத்த மாசம் கெடைச்சிரும் வடிவு" என்றதோடு சரி.

எங்கள் பக்கத்தில் மனையில் நவதானியம் தூவி, முளைத்ததை மாட்டை விட்டு மேய்த்த பிறகுதான் அஸ்திவாரம் தோண்டுவார்கள். நல்லபடியாக நடக்கட்டும் என்று ஆசை ஆசையாகத் தூவினேன். பாழாய்ப்போன மழை நன்றாகப் பெய்தது. மாடு பிடிக்கும் முன் ஆபீசர் வந்துவிட்டார்.

"பயிர் வெச்சிருக்கீங்களேம்மா."

"வீடு கட்டத்தான் சார் வெதச்சேன்."

அவர் எழுதிக்கொண்டார். நான் மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடுங்கினேன். நெல்லும் உளுந்தும் வேரோடு வந்தன.

"விடும்மா. பார்த்ததைத்தான் நான் எழுத முடியும். மூணு வருஷம் சும்மா போட்டுட்டு வாங்க."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. திரும்பும் பஸ்ஸில் மெதுவாகச் சொன்னார்.

"நான் கடை மாடியிலயே படுத்துக்கிடுதேன். நீ பிள்ளையக் கூட்டிட்டு ஊருக்குப் போயிரு."

மாட்டேன் என்று சொல்ல இடம் எங்கே இருக்கிறது?

நேற்று எழும்பூரில் எத்தனை டிக்கெட் என்று கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணரை" என்றார்.