இருபத்தொன்றாவது ஆள்

2006 மார்ச்சில் ராஜஸ்ரீயின் கணினிக்கு மெல்போர்ன் நகரத்துப் பழைய நாளிதழ்கள் வந்து சேர்ந்தன. அங்கிருந்த நூலகம் ஒன்று, நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முந்தைய பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தது. இயந்திரம் படித்துத் தந்த எழுத்தில் பிழை திருத்துவது ஏரவாடாவில் இருந்த அவள் அலுவலகத்தின் வேலை. அவள் பங்குக்கு விளையாட்டுப் பக்கங்கள் வந்தன.

அந்த ஊர் ஃபுட்பால் விளங்கவே அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. பந்து முட்டை வடிவம், மைதானமும் அப்படியே. ஒரு பக்கத்துக்கு இருபது பேர். உதைக்கலாம், பிடிக்கலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம். அடுத்தவன் தோளில் முழங்காலை ஊன்றி எம்பிப் பந்தைப் பிடிப்பவனுக்குக் கூட்டம் தொப்பியை வீசியது. அப்படி எம்புவதில் பெயர் வாங்கியவன் எட்வின் பாஸ்கோ.

தொடர்கதை படிக்கிறவள்போல ராஜஸ்ரீ அவனைப் பின்தொடர்ந்தாள். குதிரைச் சந்தையில் முரட்டுக் குட்டிகளைப் பழக்குகிற கூலிக்காரன். 1881-இல், பத்தொன்பது வயதில், இரவல் பூட்ஸோடு முதல் ஆட்டம். மூன்றே வருடத்தில் அணித் தலைவன். ஆட்டத்துக்கு முன்னால் தன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணி, கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு முடிப்பானாம். 1887-இல் ஒரு மோதலில் வலது முழங்கால் நொறுங்கிப் போனது. இனி ஆட மாட்டார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். இரண்டு வருடம் வேலியோரம் ஊன்றுகோலோடு நின்று ஆட்டம் பார்த்தான். பிறகு, ராணுவத்துக்குக் குதிரை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பலில் வேலைக்குச் சேர்ந்து போய்விட்டான்.

அதோடு அவன் கதை முடிந்தது என்றுதான் நினைத்தாள். மே மாதம் ஒரு மத்தியானம், 1892 ஜூலை இதழின் ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பு கண்ணில் பட்டது. முன்னாள் ஆட்டக்காரர் எட்வின் பாஸ்கோ, இந்தியாவில் கிர்க்கி என்னும் இடத்தில், ஜூன் 18 சனிக்கிழமை அதிகாலை, காய்ச்சலில் காலமானார்.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். கிர்க்கி என்பது கட்கிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர். அவள் பிறந்து வளர்ந்த இடம். அவளுடைய அப்பா ஜம்புநாதன் முப்பத்தேழு வருடம் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அவளைத் திகைக்கவைத்தது அது மட்டுமல்ல. அந்த ஜூன் 18-ஆம் தேதி ஆட்டத்தின் செய்தியை அவள் மூன்று நாளைக்கு முன்னால்தான் திருத்தி அனுப்பியிருந்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். பாஸ்கோவின் பழைய அணி தோற்கிற நிலையிலிருந்து மீண்டுகொண்டிருந்தபோது எதிரணித் தலைவர் ஆட்டத்தை நிறுத்தி, ஆட்களை எண்ணச் சொல்லியிருக்கிறார். நடுவர் வரிசையாக நிறுத்தி எண்ணினார். இருபத்தொன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருபது பேர்தான் பதில் சொன்னார்கள். மூன்றாம் முறை எண்ணியபோதும் இருபது. நடுவருக்குக் கண் பரிசோதனை தேவை என்று நிருபர் கேலி செய்திருந்தார். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அந்த அணியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். இறந்த செய்தி கப்பலேறி வந்து சேரவே இன்னும் மூன்று வாரம் இருந்தது.

1900 வரைக்கும் தேடினாள். அதேபோல இன்னும் நான்கு முறை எண்ணியிருந்தார்கள். நான்கும் ஜூன் மாதம். மேலாளர் கல்யாணசுந்தரத்திடம் காட்டினாள். படத்தில் இருப்பதை அடித்தால் போதும், படித்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்றார் அவர்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். ஜம்புநாதன் டீவியை அணைத்தார்.

"எழுபத்தொண்ணுல எங்க ஃபேக்டரி ஷாப் டீம் ஆடிட்டிருந்தப்ப ரெஃப்ரி விசில் ஊதி நிறுத்தினாரு. உங்க பக்கம் பன்னெண்டு பேர் இருக்காங்கன்னாரு. மறுபடி எண்ணினா பதினொண்ணு."

"அவர் தப்பா எண்ணியிருப்பார்ப்பா."

"லைன்ல நிக்கறப்ப பின்னாலேர்ந்து யாரோ என் தோளைத் தொட்டாங்க, ராஜி. கூட ஆடுற கிட்டுன்னு நெனச்சேன். கிட்டு எனக்கு முன்னால நின்னுட்டிருந்தான்."

எந்த மாதம் என்று கேட்டாள். மழை ஆரம்பிக்கிற மாதம் என்றார். அங்கே அது ஜூன். இத்தனை வருடத்தில் இதை அவர் அவளுடைய அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். காவலாளி கொண்டுவந்த பதிவேட்டில், பூச்சி அரித்த பக்கத்தில், பெயர் இருந்தது. ஆறாவது வரிசை. தேடிப் போனால் அங்கே கல் இல்லை, முழங்கால் உயரப் புல்தான். திரும்பி வரும்போது காவலாளி இன்னொன்றும் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவக் குதிரைகளைக் கட்டிவைத்த இடம், இப்போது தொழிற்சாலைக்காரர்கள் ஃபுட்பால் ஆடுகிற மைதானம்தானாம்.

அந்த வருடம் ஜூன் 18 ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. காலையில் அங்கே ஆட்டம் இருந்தது. போக வேண்டாம் என்று ராஜஸ்ரீ சொன்னாள். ஜம்புநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளும் பின்னாலேயே போனாள்.

வானம் மூடியிருந்தது, மழை இல்லை. இரண்டாம் பாதியில் அவள் நீலச் சட்டைக்காரர்களை எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு. ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தாள். எல்லாரும் வியர்த்து, கத்தி, ஓடிக்கொண்டிருந்தார்கள். யார் அதிகம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அப்போது விசில் கேட்டது. ரெஃப்ரியும் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜம்புநாதன் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தார். ரெஃப்ரியிடம் மராத்தியில் ஏதோ சொன்னார். பழைய ஆட்டக்காரர் என்று அவருக்கு அங்கே மரியாதை உண்டு. நீலச் சட்டைக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அவர் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பெயர் கேட்டு எண்ணிக்கொண்டே போனார். பதினொன்றாவது ஆளோடு வரிசை முடிந்தது. அவர் நிற்கவில்லை. இன்னும் ஓரடி நகர்ந்து, யாருமில்லாத இடத்தில் கையை நீட்டினார். அது தோள் உயரத்தில், எதன்மேலோ வைத்ததுபோல நின்றது.

"எட்வின் பாஸ்கோ," என்றார், ஷாப்பில் ஆஜர் எடுக்கிற குரலில். "பன்னெண்டு."

சிரிக்க வாயெடுத்த ஒரு பையன் அப்படியே நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவர் கை, அடியில் இருந்ததை யாரோ உருவிக்கொண்டதுபோல, சட்டென்று கீழே விழுந்தது. ரெஃப்ரி மறுபடி எண்ணினார். பதினொன்று. ஆட்டம் தொடர்ந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஜம்புநாதன் வலது கையைச் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அன்று சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார்.

ஆட்டங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கல்லறை இருக்கும் இடத்தை மட்டும் குறித்து அவள் அந்த நூலகத்துக்கு எழுதினாள். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது, பாஸ்கோவின் தங்கை வழியில் வந்த ஒரு பெண்மணியிடமிருந்து. அவன் எங்கே புதைக்கப்பட்டான் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது, ஒரு கல் நட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். 2007 பிப்ரவரியில் கல் நட்டார்கள். பெயர், தேதிகள், அதன் கீழே "ஆட்டக்காரர்" என்ற பொருளில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல். ஜம்புநாதன் புல்லைத் தானே செதுக்கினார்.

மைதானத்தில் எண்ணிக்கை அதன் பிறகு பிசகியதாகப் பேச்சில்லை. ஆனால் அங்கே ஆடுகிறவர்கள் யாரும் வரிசையின் கடைசியில் நிற்க விரும்புவதில்லை என்று ராஜஸ்ரீ கேள்விப்பட்டாள்.

கல் நட்ட அன்று திரும்பி வரும் வழியில்தான் அவள் கேட்டாள். அன்றைக்குக் கையில் என்னப்பா இருந்தது, சில்லென்று இருந்ததா?

ஜம்புநாதன் நடையை நிறுத்தாமலே சொன்னார்.

"இல்லம்மா. சூடா இருந்துச்சு. ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கிட்டிருந்தான்."