டிஸ்க்கில் இடமில்லை

கட்டுகஸ்தோட்டையில் மக்கீன் ஹாஜியாரின் வீட்டு மேல்மாடியில் ஸ்ரீஸ்கந்தராசாவும் மனைவி பத்மாதேவியும் வாடகைக்கு இருந்தார்கள். அவர் கட்டட வரைபடம் கீறுபவர். அது 2007. போரால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை மூடி ஒரு வருடமாகியிருந்தது. பொலிஸ் வருவதும், அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பதும் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தன. பழகியதால் களைப்பு ஒன்றும் குறையவில்லை.

அன்று காலை வந்த சார்ஜன்ட், அட்டைகளைப் பார்த்து முடித்துவிட்டு மேசையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"இதில் என்ன வேலை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வீட்டுப் படம் கீறுவேன், சேர்." ஸ்ரீஸ்கந்தராசாவும் சிங்களத்திலேயே சொன்னார்.

"காட்டு."

படம் கீறும் புரோகிராமை அழுத்தினார். சின்ன வட்டமொன்று சுழன்று மறைந்தது. ஒன்றும் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அதே கதை.

"இது விண்டோஸ் இல்லையே?"

"லினக்ஸ், சேர். இலவசமாகக் கிடைப்பது."

சார்ஜன்டின் முகம் இறுகியது. "எதையோ மறைத்து வைத்திருக்கிறாய்."

ஏன் திறக்கவில்லை என்று அறிய ஒரே வழி, கட்டளையை எழுதி இயக்குவதுதான். கறுப்புத் திரையைத் திறந்து புரோகிராமின் பெயரைத் தட்டினார். வெள்ளை எழுத்துகள் ஓடின. சார்ஜன்டோடு வந்து வாசலில் துவக்கோடு நின்ற பொலிஸ்காரர் கிட்ட வந்தார். கடைசி வரியில் காரணம் இருந்தது.

"டிஸ்க் நிரம்பிவிட்டது, சேர். இது தொடங்கும்போது ஒரு சின்ன ஃபைல் எழுதும். அதற்கு இடமில்லை. எதையாவது அழித்தால் திறக்கும்."

"அழிக்கவா? என் கண் முன்னாலேயா?"

அப்டேட்டில் மிஞ்சிய குப்பைகளைக் காட்டினார். பெயர் முழுக்க எழுத்தும் இலக்கமும். சார்ஜன்ட் தலையை ஆட்டினார்.

"எனக்கு விளங்காத ஒன்றையும் தொட விடமாட்டேன். பெரிதாக வேறு என்ன இருக்கிறது?"

ஒரு வீடியோ இருந்தது. போடச் சொன்னார். பத்மாதேவியின் தங்கையின் கலியாணம், யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எடுத்தது. பாதை மூட முன்னர் ஆளிடம் கொடுத்துவிட்ட சிடியிலிருந்து ஏற்றியது. அந்த சிடி எப்போதோ பழுதாகிவிட்டது. திரையில் அவளுடைய அப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டு ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். பாதை மூடிய பிறகு அவர் செத்துப்போனார். அவளால் போக முடியவில்லை.

பொலிஸ்காரர்களும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"கலியாணம்தானே," என்றார் சார்ஜன்ட். "இதை அழி."

ஸ்ரீஸ்கந்தராசா மனைவியைப் பார்த்தார்.

"அழியுங்கோ," என்றாள் அவள்.

"என்ன சொல்கிறாள்?"

"அழிக்கட்டாம், சேர்."

அழித்தார். மறுபடி அழுத்தியதும் புரோகிராம் திறந்தது. கலகெதரயில் கட்டப்போகும் கடையொன்றின் படம் வந்தது. சார்ஜன்ட் அதை ஒருதரம் பார்த்தார். "ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவ்வளவுதான்.

பத்மாதேவி கதிரையில் இருந்தாள்.

"திரும்ப எடுக்கேலாதோ?"

"மெஷினை நிப்பாட்டி வச்சு, தெரிஞ்ச ஆரிட்டயும் குடுத்துப் பாக்கலாம். இனிப் புதுசா ஏதும் சேமிச்சா அந்த இடத்திலதான் போய் விழும், பிறகு எடுக்கேலாது."

"அப்ப நிப்பாட்டுங்கோவன்."

"கலகெதரக்காரர் பின்னேரம் படத்துக்கு வாறார்."

அவள் எழும்பிக் குசினிக்குப் போனாள். கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது.

"கீறுங்கோ," என்றாள் அங்கிருந்தே. "அந்த மனிசனை வெறுங்கையோட அனுப்பேலாது."

அவர் கீறத் தொடங்கினார். சுவர், கதவு, படி. சேமிக்காமல் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போனார். மத்தியானம் போல மின்விளக்கு ஒருதரம் மங்கி எரிந்தது. கரண்ட் போனால் காலையிலிருந்து கீறிய எல்லாம் போய்விடும். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு சேமித்தார்.