நெற்றியில் ஒட்டிய நோட்டு

நான் பெரிய முரசு அடிக்கிறவன். விரான்யே என்ற ஊர்ப் பக்கம் எங்கள் பித்தளை வாத்தியக் குழுவில் ஒன்பது பேர் இருந்தோம். நோய் வந்து ஊரை அடைத்தபோது கல்யாணமே கிடையாது என்றார்கள். அறுபத்தைந்து தாண்டியவன் வாசலைத் தாண்டக்கூடாது என்று வேறு சட்டம் போட்டார்கள். கிழவன் செத்தால் பென்ஷன் மிச்சம் என்று நினைக்கிறவர்களுக்குத் திடீரென்று என் மேல் என்ன அக்கறையோ.

மூன்று பேர் ஆஸ்திரியாவுக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கப் போய்விட்டார்கள். மிச்சம் ஆறு. அதில் ட்ரம்பெட் ஊதுகிறவன் என் அக்கா மகன் துர்மிஷ். அவன் இல்லாவிட்டால் மற்ற ஐந்து பேரும் சத்தம் போடுகிறவர்கள், அவ்வளவுதான்.

தடை நீங்கி வந்த முதல் கல்யாணம், மர மில் வைத்திருக்கும் ரடோவானின் மகனுக்கு. போகும் வழியில் துர்மிஷ் சொன்னான்:

“மாமா, இன்னைக்கு என்ன வருதுன்னு பாத்துதான் முடிவு. தேறலன்னா நானும் ஆஸ்திரியாதான், திங்கக்கிழம லின்ஸ் பஸ்ல ஏறிடுவேன். சீட்டு வாங்கியாச்சு.”

“சீட்ட வாங்கிட்டு முடிவு பண்றவன இப்பத்தான்டா பாக்குறேன்.”

பேசித் தரும் கூலி பெட்ரோலுக்குச் சரியாகிவிடும். எங்கள் பிழைப்பு நெற்றியில். விருந்தாளி குடிப்பான், பாட்டைக் கேட்டுக் கண் கலங்குவான், நோட்டை எடுத்து வாசிக்கிறவனின் வியர்த்த நெற்றியில் ஒட்டுவான்.

மண்டப வாசலிலேயே ரடோவான் நிறுத்தினார். கையில் ஊறுகாய் ஜாடி, மூடியில் ஓட்டை.

“பெருசு, நெத்தியில ஒட்டுறதெல்லாம் வேணாம். எங்கப்பா மூச்சு முட்டி செத்து ஆறு மாசம்தான் ஆகுது. குடுக்கிறவங்க இதுல போடட்டும்.”

ஜாடியை மூலையில் வைத்தார்.

இரண்டு மணி நேரம் வாசித்தோம். ஆடினார்கள், அழுதார்கள், ஜாடிப் பக்கம் போனவர்கள் கொஞ்சம். இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். வெறும் பத்து தினார் நோட்டுகள். ஒருவன் சட்டைப் பொத்தானைப் போட்டிருந்தான்.

“பாத்தியா மாமா? ஊரு திருந்திடுச்சு, காச வீசுறத விட்டுட்டாங்க,” என்றான் துர்மிஷ்.

“ஊரு திருந்தலடா. யாரும் பாக்கல, அவ்ளோதான்.”

தர்மம் செய்கிறவன்தான் மறைவாகக் கொடுப்பான். கல்யாணத்துக்கு எவனும் தர்மம் செய்ய வருவதில்லை. பக்கத்து மேசைக்காரன் பார்க்கத்தான் கொடுக்கிறான்.

முரசை மாட்டிக்கொண்டு நேராக மாப்பிள்ளைக்குச் சாட்சி நின்ற வித்தோமிரிடம் போனேன். டிராக்டர் விற்கிறவர். சாட்சி முதலில் கொடுக்காமல் வேறு எவனும் கொடுக்க மாட்டான்.

“என்ன கெழவா, சாப்பாட்ட மறைக்கிற?”

“உங்க கைக்குச் சட்டைப்பை வழி ஞாபகம் இருக்கான்னு பாக்க வந்தேன், மொதலாளி. ஒரு வருஷமா பூட்டிக் கெடந்ததுல துரு பிடிச்சிருக்கும்.”

மேசை முழுக்கச் சிரித்தது. தொப்பியைக் கழற்றிக் குனிந்தேன். தடுப்பூசி இரண்டு போட்டிருந்தேன். அதையும் நான் நம்பவில்லை.

வித்தோமிர் ரடோவானைப் பார்த்தார். பிறகு சிரித்த முகங்களைப் பார்த்தார். இரண்டாயிரம் தினார் நோட்டு ஒன்று என் நெற்றியில் வந்து ஒட்டியது. கல்யாணப் பெண்ணின் மாமனுக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து துர்மிஷ் நெற்றியில் இரண்டு ஒட்டினான்.

ரடோவான் எங்களைப் பார்த்து வந்தார். வெளியே தள்ளப் போகிறார் என்று நினைத்தேன். முரசு அடிப்பதை நிறுத்தவில்லை. ஜாடியை எடுத்து மேசைக்கடியில் வைத்தார். பிறகு மண்டபத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார்.

ஞாயிறு முழுக்க துர்மிஷ் என்ன முடிவு செய்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வான், சொன்னால் நான் நம்ப மாட்டேன். லின்ஸ் பஸ் திங்கட்கிழமை ஏழு மணிக்கு. எட்டு மணிக்கு அவன் வீட்டுப் பின்பக்கமிருந்து ட்ரம்பெட் கேட்டது. பாட்டின் இரண்டாவது அடியில் தப்பாக ஊதினான். அந்த இடத்தில் அவனுக்கு எப்போதும் தப்புதான்.