மாலைப் பதிப்பு

ஹோட்டல் வாசலில் காரை விட்டு இறங்கும்போதே வெர்னாவுக்குக் கால் வீங்கியிருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு மேக்கப் போட்டு, பகல் முழுக்கப் படப்பிடிப்பில் பணக்கார வீட்டு வேலைக்காரியாக மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு, கவுனை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஹாலிவுட்டே கூடும் விருது விருந்து. துணை நடிகைக்கான போட்டியில் இருந்த ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. அவளுக்கோ எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

வாசலில் ஒருவன் நீட்டிய பேப்பரை வாங்கிப் பிரித்ததுதான் தாமதம், தூக்கம் போன இடம் தெரியவில்லை. முடிவுகளைப் பத்திரிகைகளுக்கு முன்னாடியே கொடுத்துவிடுவது அந்நாள் வழக்கம். ராத்திரி பதினொரு மணிவரை அச்சிடக் கூடாது என்பது பேச்சு. ஒரு பத்திரிகைக்கார மகராசன் பேச்சைக் காற்றில் விட்டு, மாலைப் பதிப்பிலேயே போட்டு உடைத்துவிட்டான். துணை நடிகை: வெர்னா டாலிவர்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அடுத்த நொடியே கோராவின் ஞாபகம் வந்தது.

கோராவும் அந்த ஐவரில் ஒருத்தி. பதினைந்து வருஷத் தோழி. ஒரே அறையில் இருந்தபோது இருவருக்கும் சேர்த்து ஒரு ஜோடி நல்ல செருப்புதான். எவளுக்கு வாய்ப்புத் தேடிப் போகும் முறையோ அவள் மாட்டிக்கொண்டு போவாள். கோராவின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. விருது வந்தால் ஸ்டூடியோ நீட்டிக்கும். வராவிட்டால் ஒமாஹாவில் அக்கா வீட்டு அடுப்படிதான் கதி.

மேஜையில் கோரா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? எழவு வீட்டுக்கா வந்திருக்க?"

"கால் வலிடி. காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்."

"வயசாயிடுச்சு கிழவி. சரி, இதக் கேளு." பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மெதுவாகப் படித்தாள். மேடையில் சொல்லப்போகும் நன்றி. இயக்குநருக்கு, அக்காவுக்கு, கடைசியில் வெர்னாவுக்கு. "எப்படி இருக்கு? அழுகை வருதா?"

"வருது," என்றாள் வெர்னா. நிஜமாகவே வந்தது.

பக்கத்து மேஜைக்காரர்கள் இவர்களைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். கோராவைத் தவிர பேப்பர் படிக்காதவர் அந்தக் கூடத்தில் எவருமில்லை போலிருந்தது. கோராவைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட வேண்டும். இத்தனை பேர் முன்னால் அவள் முகம் சுருங்கக் கூடாது. சூப் முடியட்டும் என்று நினைத்தாள். சூப் முடிந்தது. கோழி வந்தது. கோழியும் போய் ஐஸ்கிரீம் வந்தது. உடம்பு அசதி என்பதெல்லாம் சும்மா சாக்கு. அவளுக்குப் பயம். போதாக்குறைக்கு, ஜெயித்தவளாகக் கொஞ்ச நேரம் யார் கண்ணீரையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒரு அற்ப ஆசை.

தயாரிப்பாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக் கழுத்தறுத்தார்கள். கோரா மேஜைக்கடியில் அவள் கையைப் பிடித்தாள்.

"உண்மையச் சொல்லு வெர்னா. எனக்குக் கிடைக்குமாடி?"

"உனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறாங்க?"

கோரா கையை விட்டாள். தண்ணீர் எடுத்துக் குடித்தாள். சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்போதும் வெர்னாவுக்கு உறைக்கவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். முதலில் எழுந்தது கோராதான். கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டு, காதோடு சொன்னாள்:

"நானும் பேப்பர் பாத்துட்டுத்தாண்டி வந்தேன். நீயா சொல்லுவ, சொல்லுவன்னு ஐஸ்கிரீம் வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன்." முதுகில் மெல்லத் தள்ளினாள். "போ. கூப்பிடறாங்க பாரு."

வெர்னா மேடை ஏறினாள். மைக் முன்னால் போய் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கோராவின் நாற்காலி காலியாக இருந்தது. கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் காலை செட்டிலிருந்து கோராவின் வீட்டுக்குப் போன் செய்தாள். கோரா பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டதாக வீட்டுச் சொந்தக்காரி சொன்னாள். போனை வைத்தவளிடம் மேக்கப்காரர் சிரித்துக்கொண்டே பேப்பரை நீட்டினார். அந்த விழாவின் மறக்க முடியாத காட்சி மேடையில் திகைத்து நின்ற வெர்னாவின் முகம்தானாம். ஊருக்கே முடிவு தெரிந்திருந்த இரவில், பாவம், அந்த ஒருத்தி மட்டும் ஒன்றும் தெரியாமல் வந்திருந்தாள் என்று எழுதியிருந்தார்கள்.