நாற்பது ஆம்பியர்

எங்கள் வீட்டில் எலக்ட்ரீஷியன் நான்தான். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். ஆனால் கரண்டைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் என் கணவர் எழிலனுக்கு. ஏனென்றால் வேன் அவருடையது.

அனந்தபுரம் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க முந்தின நாளே போய், வயலில் நிறுத்திய வேனை ஒட்டித் தார்ப்பாய் கட்டித் தங்கினோம். மறுநாள் காலை ஒன்பதரைக்குச் செஞ்சியில் எனக்கு வயர்மேன் வேலைக்கான தேர்வு. அடுத்த முறை எழுத வயது தாண்டிவிடும். பொங்கல் முடிந்ததும் கொண்டுபோய் விடுவதாக அவர் சாமி மேல் சத்தியமே செய்திருந்தார்.

போன கையோடு, புதிதாக வாங்கிய இன்வெர்ட்டரை வேன் பேட்டரியில் மாட்டினார். ஃபேன், சவுண்டு பாக்ஸ், ஆறு போன்.

"ஏங்க, இது நாப்பது ஆம்பியர் பேட்டரி. ஃபேனு மட்டுமே அஞ்சு இழுக்குது. விடியறதுக்குள்ள காலி. நடுவுல கொஞ்ச நேரம் இன்ஜினாவது ஓடட்டும்."

"பொங்கல் பொங்காம இன்ஜின் போடக் கூடாது. சாமிக்குச் சத்தம் ஆவாது" என்றார் மாமியார் ராஜாம்பாள். சவுண்டு பாக்ஸ் சத்தம் மட்டும் சாமிக்கு ஆகும் போலிருக்கிறது.

"உனுக்கு எல்லாத்துக்கும் டென்ஷன்" என்றார் இவர்.

விடிகாலையில், பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"இன்னாடா சத்தம் அது?"

"நல்லா வேலை செய்யுதும்மா, அதான்" என்று சொல்லிக்கொண்டே மிக்சியில் சட்னி அரைக்க உட்கார்ந்தார் மகன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்னி பாதி அரைந்ததும் கத்தல் நின்றது, மிக்சியும் நின்றது.

பொங்கல் பொங்கியது. சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது, அவ்வளவுதான். எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். உழுத மண்ணில் வேன் ஒரு அடிகூட நகரவில்லை.

"கொஞ்சம் இரு ஜெயா, யாரையாவது கூப்புடலாம்."

மணி எட்டேகால். இனி இவரை நம்பினால் நான் ஆள் இல்லை. ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடி, ரோட்டில் வந்த பால் வண்டியைக் கை காட்டி நிறுத்தினேன். கேன்களுக்கு நடுவே நின்றபடியே செஞ்சி வந்து சேர்ந்தேன்.

கேட்டைச் சாத்தப் போகிற நேரத்தில் உள்ளே நுழைந்தேன். போனை ஒப்படைக்கும் வரிசையில் நிற்கும்போது அது அடித்தது. எழிலன்தான்.

"ஜெயா, உள்ள போயிட்டியா? போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லேன். இந்த பேட்டரிய இப்ப இன்னா பண்றது?"

விடை எனக்குத் தெரியும். போனை அணைத்துக் கொடுத்துவிட்டுத் தேர்வு எழுதப் போனேன்.